கழட்டினா ஸ்ரக் ஆகிற லப்டொப்

எங்கட ரூமில நாலு பேர், லப்டொப் ஒண்டு. நாலு ஜிபி ராம். விண்டோஸ் அதில மூச்சு வாங்கினபடியால் போன வருசம் உபுண்டு போட்டம். கலைப்பீடத்துப் பிள்ளையளுக்கு லினக்ஸ் ஏன் எண்டு கேக்காத ஆளில்லை. வேகமா ஓடினது, அவ்வளவுதான்.

மேசையில ஒரு யூ.எஸ்.பி. ஹப் இருக்கு. மவுஸ், கீபோட், இரவல் வாங்கின ஹாட்டிஸ்க் எல்லாம் அதிலதான். விரிவுரைக்கு நேரமாச்சுதெண்டா ஹப்பை ஒரே இழுவையா இழுத்துப்போட்டு ஓடுவம். சில நாள் ஒண்டும் நடக்காது. சில நாள் எல்லாம் இறுகிப்போகும். டச்பாட்டில அம்புக்குறி அசையும், ஆனால் எதைத் தட்டினாலும் திறக்காது. பவர் பட்டனை அமத்திப் பிடிச்சு நிப்பாட்டுவம். "திரும்ப விண்டோசைப் போடுங்கோவன்" எண்டு பக்கத்து ரூம் அண்ணா சிரிப்பார்.

மூன்றாவது தரம் சிரிக்க ஏலாமல் போச்சு. மீன் சந்தையில வியாபாரம் செய்யிற பெண்களைப் பற்றின ஆய்வுக்காக, பாசையூரில ஒரு அம்மம்மாவோட கதைச்ச 47 நிமிச ஒலிப்பதிவு. ஹாட்டிஸ்கில பெயர் இருந்தது, அளவு பூச்சியம். இடமில்லையெண்டு போனில இருந்ததை அப்பவே அழிச்சிட்டம்.

அதுக்குப் பிறகுதான் ஒழுங்காச் சோதிச்சுப் பார்த்தம். மவுசை மட்டும் கழட்டினம், பிரச்சினையில்லை. கீபோட்டும் அப்பிடித்தான். ஹாட்டிஸ்கை சும்மா இருக்கேக்க கழட்டினாலும் ஒண்டும் ஆகேல்லை. பெரிய ஃபைல் கொப்பி பண்ணின கையோட கழட்டினால்தான் இறுகினது. கொப்பி முடிஞ்சுதெண்டு திரையில காட்டின பிறகும்!

விசயம் அதுக்குள்ளதான் இருந்தது. லினக்ஸ் கொப்பி பண்ணுறதை முதலில ராமில வாங்கி வைச்சிட்டு, பிறகு ஆறுதலா டிஸ்கில எழுதும். எழுதாமல் கிடக்கிறதுக்குப் பெயர் டேர்ட்டி பேஜஸ், அழுக்குப் பக்கங்கள். கிடைக்கக்கூடிய நினைவகத்தில 20 வீதம் வரைக்கும் அப்பிடிச் சேர விடுறதுதான் வழமையான அமைப்பு. நாங்கள் இழுத்தது அந்த நேரத்தில. டிஸ்கின்ர பதிலுக்குக் காத்திருக்கிற புரோகிராம் "டி" எண்ட நிலையில மாட்டிக்கொள்ளும். கன்ட்ரோல், ஓல்ட், எஃப்3 அமத்திக் கறுப்புத் திரைக்குப் போய் ஃபைல் மனேஜரைக் கில் மைனஸ் ஒன்பதால அடிச்சும் பார்த்தம். அந்தக் காத்திருப்பு முடியுமட்டும் அது சாகாது.

விண்டோசில இந்தப் பழக்கம் எங்களைக் காப்பாற்றினது. 2018இல் வந்த 1809 பதிப்புக்குப் பிறகு, டக்கெண்டு கழட்டுறதுக்கு வசதியாத்தான் விண்டோஸ் 10 வெளி டிஸ்குகளை வைச்சிருந்தது. இஜெக்ட் எண்ட சொல்லையே நாங்கள் மறந்துபோனம்.

இப்ப கொப்பி முடிஞ்சதும் டேர்மினலில சிங்க் எண்டு அடிக்கிறம். அது திரும்பி வருமட்டும் கை வைக்கிறதில்லை. பிறகு இஜெக்ட், அதுக்குப் பிறகுதான் ஹப். தப்பித்தவறி இறுகினாலும் பவர் பட்டனைத் தேடுறதில்லை. ஓல்ட்டையும் பிரின்ட் ஸ்கிரீனையும் பிடிச்சுக்கொண்டு எஸ், யு, பி, ஒவ்வொண்டா, இடைவெளி விட்டு. மிச்சத்தை எழுது, டிஸ்குகளை வாசிக்க மட்டும் ஆக்கு, திரும்பத் தொடங்கு எண்டு அர்த்தம். உபுண்டுவில இந்த மூண்டும் வழமையாவே திறந்திருக்கு. கழட்டின டிஸ்கை அது மீட்காது. உள்ள இருக்கிற டிஸ்குக்குத்தான் உதவும்.

அம்மம்மாட்டத் திரும்பப் போனம். "அண்டைக்குச் சொன்னதெல்லாம் மிசின் திண்டிட்டோ பிள்ளையள்?" எண்டு கேட்டா. மிசினில்லை, நாங்கள்தான் எண்டு சொல்ல வாய் வரேல்லை. திரும்பச் சொன்னா, 22 நிமிசம். கடன் கணக்கைச் சுவரில கரியால எழுதி வைச்ச கதை முதல் தரம் நீளமா வந்தது. இந்த முறை "அதுதான் சொல்லிட்டனே" எண்டு கடந்துபோனா. நாங்கள் கேட்கேல்லை. அந்த 22 நிமிசம் இப்பவும் நாலு பேரின்ர போனிலயும் இருக்கு.