ஒன்றும் நேராத ஒரு வாரம்

மழை கொட்டினால் செய்தி. புயல் அடித்தால் தலைப்புச் செய்தி. ஒன்றுமே நேராத ஒரு வாரத்திற்கு ஏட்டிலே இடம் ஏது? "வறண்ட வானிலை நிலவும்" என்று மூன்றே சொற்களில் முடித்துவிடுவர். அந்த மூன்று சொற்களுக்குள் ஓர் உழவர் குடும்பத்தின் ஓராண்டு வாழ்வு அடங்கிக் கிடப்பதை, மாசித் திங்களில் எங்கள் ஊரில் தங்கிய ஏழு நாட்களில் கண்டேன்.

காவிரிப் படுகையின் கடைமடைச் சிற்றூர் எங்களுடையது. மாசியும் பங்குனியும் பின்பனிக் காலம் என்று பகுத்தனர் பண்டைத் தமிழர். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்துவிட்டது. கோடை இன்னும் கொடுங்கோல் ஏந்தவில்லை. பகலில் இதமான வெயில், இரவில் மெல்லிய குளிர், விடியலில் வரப்பெங்கும் பனித்துளி.

அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பே, நின்ற நெற்பயிரினூடே விதைத்த உளுந்து, மண்ணில் எஞ்சிய ஈரத்தையும் அந்தப் பனியையும் நம்பித் தழைத்திருந்தது. பனி, தேவர்கள் தெளிக்கும் தீர்த்தமா? இல்லை, தோழர்களே! மேகமற்ற இரவில் நிலம் தன் வெப்பத்தை வெளியே விட்டுக் குளிர்கிறது. குளிர்ந்த இலையைத் தீண்டும் காற்றின் ஈரம் துளியாகிறது. அவ்வளவே.

ஐந்தாம் நாள் மாலை எண்ணிச் சில துளிகள் விழுந்தன. ஒரு நாளில் 2.5 மில்லிமீட்டராவது பெய்தால்தான் அதனை மழைநாளாகக் கொள்ளும் வானிலைத் துறை. அன்றைய தூறல் அந்தக் கணக்கில் ஏறாது. ஆனால் அப்பாவின் நெஞ்சிலே ஏறியது! உண்ட கையைக் கழுவாமலே ஓடினார். எங்களூரில் நெற்களம் கிடையாது; தார்ச்சாலைதான் களம். அங்கே சம்பா நெல் பரப்பிக் கிடந்தது. ஈரம் 17 விழுக்காட்டிற்கு மேற்போனால் கொள்முதல் நிலையத்தில் பொதுவாக ஏற்கமாட்டார்கள். நெல் விலையானால்தான் அடகிலிருக்கும் அம்மாவின் சங்கிலி மீளும்.

அவர் அச்சத்திற்குக் காரணம் உண்டு. 2023 பிப்ரவரித் தொடக்கத்தில், வங்கக் கடலில் எழுந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் இலங்கைக் கரையைக் கடந்தது. படுகை முழுதும் பருவம் தப்பிய மழை. அறிவிப்பு முன்பே வந்தது. அப்பாவும் அதைக் கேட்டு விரைந்து அறுத்துவிட்டார். அறுத்து என்ன பயன்? குவித்து வைக்கக் கூரை இல்லை. மேலே தார்ப்பாய் போர்த்தினார்; கீழே வெள்ளம் புகுந்தது. நான்காம் நாள் குவியலில் கை நுழைத்தபோது வெள்ளை முளைகள் விரலில் சுற்றின. "எல்லாம் தலைவிதி, தம்பி" என்றார் எதிர்வீட்டுப் பெரியவர். அப்பா அன்று வாய் திறக்கவில்லை.

இம்முறை தூறல் நின்றது, வானம் வெளுத்தது. அதே பெரியவர் வந்தார். "பார்த்தாயா தம்பி, இந்த வருஷம் அவன் கண் திறந்துவிட்டான்" என்றார்.

அப்பா நெல்லைக் கிளறிக்கொண்டே சொன்னார்: "அவன் கண் இருக்கட்டும், அண்ணே. நமக்கென்று ஒரு சிமெண்டுக் களமும் பக்கத்தில் ஒரு கொட்டகையும் இருந்திருந்தால், அன்றைக்கு நெல் முளைத்திருக்குமா?"

பள்ளிப் படிப்பை ஐந்தாம் வகுப்போடு நிறுத்தியவர் என் தந்தை. நூறு மேடைகளில் கேட்ட விளக்கத்தை அந்த ஒரு கேள்வியில் கண்டேன். மழையை அனுப்பியது விதியன்று; மழை வருமென்று சொல்ல அறிவியல் இருந்தது; சொன்னதைக் கேட்டு நடக்க உழவனும் இருந்தான். இல்லாதது கூரை. கூரை இல்லாத குறையை மூடி மறைக்கவே விதி என்ற சொல் உதவியது!

ஏழாம் நாள் நெல் விலைபோயிற்று. அன்றிரவே களமும் கொட்டகையும் கேட்டு மனு எழுதினோம். முப்பத்திரண்டு பேர் கையொப்பமிட்டனர். எதிர்வீட்டுப் பெரியவர் சற்றே தயங்கினார். பிறகு பேனாவைக் கேட்டு வாங்கினார்.

வானம் சும்மா இருக்கும் வாரம், நாம் சும்மா இருப்பதற்கான வாரம் அன்று. அடுத்த மழைக்கு முன் எழவேண்டிய சுவருக்கு அதுவே நல்ல நாள். வேறு நல்ல நாள் பார்க்க வேண்டியதில்லை!