தறி ஓசைக்கு நடுவே ஒரு நூல் தவளை

காஞ்சிபுரம் என்றவுடன் வெளியூர்ச் சகோதரிகளின் நினைவுக்கு வருவது பட்டுச் சேலைதான். அந்தச் சேலை பிறக்கும் இடங்களுள் ஒன்று பிள்ளையார்பாளையம். முன்போல் வீட்டுக்கு வீடு தறி இல்லையெனினும், காலையில் தெருவில் நடந்தால் இன்றும் ஏதேனும் ஒரு வீட்டின் குழித்தறியிலிருந்து நாடா ஓடும் ஓசை செவியில் விழும். பாவு, ஊடை, சரிகை என்ற சொற்களைக் கேட்டே இங்குள்ள குழந்தைகள் வளர்கின்றன. ஒலிமுகம்மதுபேட்டையில் எங்கள் உறவினர் பலர் இருக்க, நாங்கள் மட்டும் நெசவாளர் குடும்பங்களுக்கு நடுவே குடியிருக்கின்றோம். என் கணவர் தையற்கடை நடத்துகிறார். நான் இல்லத்தரசி. ஓய்வு நேரத்தில் குரோஷா ஊசியால் தொப்பிகளும் மேசை விரிப்புகளும் பின்னுவது என் வழக்கம்.

இத்தகைய ஊரில் ஒரு நூல் தவளையைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று நீங்கள் நினைக்கலாம். அந்தச் சிறு பொம்மை எங்கள் வீட்டில் எழுப்பிய கேள்விகள் சிறியவை அல்ல. ஆகவேதான் எழுதுகின்றேன்.

மழைக்கால விருந்தாளி

ஐப்பசி மழையில் எங்கள் முற்றத்திற்கு ஒரு தவளை வந்து சேர்ந்தது. தெருப்பிள்ளைகள் கல்லெடுத்தனர். அப்போது என் மாமியார் அவர்களைத் தடுத்து, "தவளையைக் கொல்லலாகாது பிள்ளைகளா! மருந்துக்காகக்கூட அதைக் கொல்ல வேண்டாமென்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு மருத்துவரைத் தடுத்திருக்கிறார்கள்" என்று எடுத்துரைத்தார். அந்தச் செய்தி அபூதாவூத் நூலில் இடம் பெற்ற ஹதீஸாகும்.

இதில் எத்துணை நன்மை அடங்கியிருக்கிறது! ஒரு காலத்தில் நம் நாட்டிலிருந்து தவளைக் கால்கள் பெருமளவில் வெளிநாடுகளுக்கு ஏற்றுமதியாயின. வயல்களில் தவளைகள் குறைய, அவை உண்டு வந்த பூச்சிகள் பெருகுமென்ற அச்சம் எழுந்தது. இறுதியில் 1987இல் அந்த ஏற்றுமதியை அரசு தடை செய்தது. பூச்சிகளை உண்டு பயிரைக் காக்கும் இந்த எளிய உயிர் உழவனின் தோழன் அன்றோ?

இவற்றையெல்லாம் கேட்டுக் கொண்டிருந்த என் ஆறு வயது மகள், மழை நின்று தவளை போன பிறகு என்னிடம் ஓடி வந்தாள். "அம்மா, போகாத தவளை ஒன்று செய்து கொடுங்கள்" என்றாள்.

உருவம் கூடுமா?

தவளையைக் காத்த மாமியாரே பொம்மைத் தவளைக்குத் தடை சொன்னார். "உயிருள்ளவற்றின் உருவத்தை வீட்டில் செய்து வைக்கலாமா? உன் கையாலேயே அதைச் செய்வாயா?" என்று கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. மார்க்கத்தில் பேணுதலுடன் வாழும் எந்த வீட்டிலும் எழ வேண்டிய ஐயம்தான் அது. வீண் வாதம் செய்யாமல், பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் கேட்டு வருமாறு என் கணவரிடம் சொன்னேன்.

ஹஜ்ரத் அவர்கள் மூன்று செய்திகளை நினைவூட்டி அனுப்பினார்கள். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் தம் தோழியருடன் பொம்மைகள் வைத்து விளையாடினார்கள். நபியவர்கள் வந்தவுடன் நாணி ஒளிந்த அத்தோழியரை, விளையாட்டைத் தொடருமாறு நபியவர்களே அனுப்பி வைத்தார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் இது உள்ளது. இரண்டாவது, அன்னையவர்களிடம் துணித் துண்டுகளால் ஆன இரு சிறகுகளுடன் ஒரு குதிரைப் பொம்மை இருந்தது. குதிரைக்குச் சிறகு உண்டோ என நபியவர்கள் வினவ, சுலைமான் (அலை) அவர்களின் குதிரைகளுக்குச் சிறகுகள் இருந்ததைத் தாங்கள் கேள்விப்படவில்லையா என்று அன்னையவர்கள் மறுமொழி கூற, நபியவர்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள்.

மூன்றாவது செய்தி என் உள்ளத்தை மிகவும் தொட்டது. ஆஷுரா நாளில் சிறு பிள்ளைகளையும் நோன்பு நோற்கச் செய்த ஸஹாபிப் பெண்கள், பசியால் அழும் பிள்ளைக்கு நோன்பு திறக்கும் நேரம் வரை விளையாடக் கம்பளியால் பொம்மை செய்து கொடுத்ததை ருபைய்யிஉ பின்த் முஅவ்வித் (ரலி) அவர்கள் அறிவித்துள்ளார்கள். ஒரு தாய், தன் கையால், கம்பளியில், அழும் குழந்தைக்காகச் செய்த பொம்மை! நான் செய்ய நினைத்ததும் அதுவே அன்றோ?

இவ்வாறான சான்றுகளைக் கொண்டு குழந்தைகளின் விளையாட்டுப் பொம்மைகளுக்குப் பெரும்பாலான மார்க்க அறிஞர்கள் விலக்களித்துள்ளனர். மாறுபட்ட கருத்துடையோரும் உளர். அவர்களின் பேணுதலை நாம் மதிக்க வேண்டும். அலமாரியில் அழகுக்காக வைப்பது வேறு, குழந்தை கையில் கசங்கி அழுக்காவது வேறு என்று ஹஜ்ரத் விளக்கியதும் என் மாமியாரின் மனம் தெளிந்தது. "அப்படியானால் பச்சை நிறத்தில் பின்னு" என்றார்.

பின்னும் முறை

விலங்குகளையும் பொம்மைகளையும் குரோஷாவில் சிறு உருவாகப் பின்னிப் பஞ்சடைக்கும் கலையை ஜப்பானியர் அமிகுருமி என்பர். தொப்பி பின்னத் தெரிந்த சகோதரிகளுக்கு இது எளிது. உச்சியில் தொடங்கி வட்டமாகச் சுற்றி வருவதே இரண்டிலும் முறை.

2.5 மி.மீ. ஊசியும் கிளிப்பச்சை உல்லன் நூலும் எடுத்துக் கொள்ளுங்கள். நூல் வளையத்தில் 6 ஒற்றைக் கண்ணிகள் போடுங்கள். அடுத்த சுற்றில் ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டு போட்டால் 12 ஆகும். பின்னர் சுற்றுக்கு ஆறாகக் கூட்டி 18, 24, 30 வரை செல்லுங்கள். 30 கண்ணிகளிலேயே எட்டுச் சுற்றுகள் பின்னினால் உடல் உருண்டு வரும். அதன்பின் சுற்றுக்கு ஆறாகக் குறைத்து, 12 கண்ணிகள் இருக்கும்போது பஞ்சை அடைத்து, மேலும் குறைத்து வாயை இறுக்கி விடுங்கள். ஒவ்வொரு சுற்றின் முதற் கண்ணியிலும் ஓர் ஊக்கைக் குத்தி வைத்தால் கணக்கு தவறாது. பின்னல் நெருக்கமாக இருக்க வேண்டும். தளர்ந்தால் இடுக்கு வழியே பஞ்சு எட்டிப் பார்க்கும்.

தவளைக்கு அழகே தலைக்கு மேல் புடைத்த கண்கள்தாம். 6, 12 என இரண்டு சுற்றுகள் பின்னி, 12இலேயே மேலும் இரண்டு சுற்றுகள் போட்டுச் சிறு கிண்ணங்களாக இரண்டு செய்து, பஞ்சு வைத்து உச்சியில் தைத்து விடுங்கள். கைகால்களுக்குச் சங்கிலிப் பின்னல் போதும். உண்மைத் தவளைக்கு முன்காலில் நான்கும் பின்காலில் ஐந்தும் விரல்கள் உண்டு. என் தவளைக்கு எல்லாக் காலிலும் மூன்றே விரல்கள். என் மகள் எண்ணிப் பார்த்துவிட்டு, "வளர்ந்தால் முளைக்கும்" என்று தானே சமாதானம் சொல்லிக் கொண்டாள்!

ஒன்றை வலியுறுத்திச் சொல்கிறேன். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கான பொம்மையில் மணியோ பொத்தானோ வைத்துக் கண் தைக்காதீர்கள். அது பிய்ந்து குழந்தையின் தொண்டையில் சிக்கலாம். கறுப்பு நூலால் கண்ணைத் தைத்து விடுவதே நல்லது. இலவம் பஞ்சு மென்மையானதுதான். ஆனால் நனைந்தால் கட்டி தட்டும். அடிக்கடி துவைக்க வேண்டிய பொம்மைக்குச் செயற்கைப் பஞ்சு ஏற்றது.

ஆயாவின் பங்கு

தவளையின் வாய்க்குச் சிவப்பு நூல் தேடியபோது, அடுத்த வீட்டு ஆயா தம் வீட்டுத் தறியில் மீந்த அரக்கு நிறப் பட்டு இழைகளைக் கொண்டு வந்து கொடுத்தார். எழுபது வயதைக் கடந்தவர். எங்கள் வீட்டு நோன்புக் கஞ்சியும் அவர் வீட்டுப் பொங்கலும் அந்த மதிற்சுவரைத் தாண்டாத ஆண்டில்லை. திண்ணையில் அமர்ந்து என் கையையே பார்த்துக் கொண்டிருந்தவர், தவளைக்கு வாய் தைத்து முடித்ததும் அதை வாங்கி மடியில் வைத்துக் கொண்டார்.

"நான் பொம்மையை மடியில வெச்சதே இல்லை, கண்ணு. ஏழு வயசுல கோர்வைக்கு உட்கார வெச்சாங்க" என்றார்.

கோர்வை என்பது இவ்வூர்ப் பட்டின் பெருமை. சேலையின் உடலும் கரையும் வெவ்வேறு நிறத்தில் இருக்க, இரண்டையும் நெய்யும்போதே ஊடை இழைகளால் பிணைத்துவிடும் முறை அது. அதற்கு மூன்று நாடாக்கள் வேண்டும். நெய்பவர் ஒருவர். கரைப் பக்கத்து நாடாவை வாங்கித் தள்ளத் துணையாள் ஒருவர். அந்தத் துணையாள் பல வீடுகளில் ஒரு குழந்தையாக இருந்தது. பெற்றோர் முன்பணம் வாங்கியிருந்தால் பிறர் தறியிலும் பிள்ளை அமர வேண்டியிருந்தது. உலகம் வியக்கும் அந்தக் கரை அழகில் எத்தனை பிஞ்சு விரல்களின் விளையாட்டு நேரம் நெய்யப்பட்டு விட்டது!

1986இல் குழந்தைத் தொழிலாளர் தடை, ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. 2009இல் கல்வி உரிமைச் சட்டம் வந்தது. 2016இல் செய்யப்பட்ட திருத்தம், 14 வயது நிறையாத பிள்ளையை எந்தத் தொழிலிலும் அமர்த்துவதைத் தடுத்தது. பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் உதவுவதற்கு வரம்புகளுடன் விலக்கு உண்டு. ஆயாவின் பேரப் பிள்ளைகள் இன்று பள்ளியில் இருக்கின்றனர். ஆனால் ஆயாவுக்குப் போன காலம் போனதுதான்.

"எனக்கும் ஒண்ணு பின்னித் தரியா?" என்று அவர் கேட்டபோது, அவர் விளையாட்டாகக் கேட்கவில்லை என்பது எனக்குப் புரிந்தது. இரண்டாவது தவளை அவருக்கே பின்னப்பட்டது.

கடைக்காரரின் கணக்கு

இரண்டு தவளைகளும் தெருவில் பெயர் பெற்று விட்டன. செய்தி ஒரு பரிசுப்பொருள் கடைக்காரரின் காதுக்கும் எட்டியது. மாதம் நூறு தவளைகள் வேண்டும், ஒன்றுக்கு ஐம்பது ரூபாய் தருவதாகச் சொல்லி அனுப்பினார். ஒரு தவளைக்கு எனக்கு ஆறு மணி நேரமாகிறது. நூலும் பஞ்சும் கழித்தால் மணிக்கு ஐந்து ரூபாய்கூடத் தேறாது. அதுவன்றி, நூறு தவளைகளை ஒருத்தியால் எவ்வாறு பின்ன இயலும் என்று கேட்டதற்கு அவர் சொன்ன யோசனை என்னைத் திடுக்கிட வைத்தது. "உங்கள் பிள்ளைகளையும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளையும் உட்கார வையுங்கள். சின்ன விரல்களுக்கு வேகம் அதிகம்" என்றாராம்!

அந்த மாதம் பள்ளிக் கட்டணம் பாக்கியிருந்தது. தையற்கடையிலும் வேலை குறைவு. பணம் எங்களுக்குத் தேவைப்பட்டது என்பதை மறைக்கவில்லை. எனினும் என் கணவரும் மாமியாரும் நானும் ஒருமித்து மறுத்து விட்டோம். ஒரு குழந்தையின் விளையாட்டுக்காகப் பிறந்த பொம்மையை, வேறு குழந்தைகளின் விளையாட்டைப் பறித்துச் செய்வதா?

சகோதரிகளே, இங்கே நாம் அறிய வேண்டிய ஒன்று உண்டு. துணி நெய்ய விசைத்தறி வந்து விட்டது. கம்பளி பின்னவும் இயந்திரம் உண்டு. ஆனால் உண்மையான குரோஷாப் பின்னலை அப்படியே போடும் இயந்திரம் இதுவரை வழக்கத்திற்கு வரவில்லை. ஆகவே சந்தையில் மிக மலிவாகக் கிடைக்கும் குரோஷாப் பொருள் ஒவ்வொன்றின் பின்னாலும் யாரோ ஒருவரின் கை இருக்கிறது. அந்தக் கைக்கு என்ன கிடைத்திருக்கும்? ஆந்திராவின் நரசாபூர் வட்டாரத்தில் வீட்டுக்குள் இருந்தபடியே குரோஷா லேஸ் பின்னும் பெண்களை ஆராய்ந்து மரியா மீஸ் என்ற ஜெர்மானிய அறிஞர் 1982இல் ஒரு நூல் வெளியிட்டார். நாள் முழுதும் உழைத்த பெண்களை 'வீட்டில் சும்மா இருப்பவர்கள்' என்றே உலகம் கருதியதையும், இலாபம் வணிகர்களிடம் சேர்ந்ததையும் அந்நூல் எடுத்துக் காட்டிற்று.

அதே கலையில் பெண்கள் தலைநிமிர்ந்ததும் உண்டு. 2016 ஜனவரி 31 அன்று சென்னையில், 'மதர் இந்தியாஸ் குரோஷே குவீன்ஸ்' என்ற மகளிர் குழு 11,148.5 சதுர மீட்டர் பரப்புள்ள குரோஷாப் போர்வையை உருவாக்கிக் கின்னஸ் சாதனை படைத்தது. பல வீடுகளில் பலர் பின்னிய துண்டுகளை இணைத்துச் செய்த போர்வை அது. விளையாட்டுப் பொம்மைக்கும் நம் தமிழ் மண்ணில் ஒரு முன்மாதிரி உண்டு. 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு ஆரோவில்லைச் சேர்ந்த 'உபாசனா' அமைப்பின் முயற்சியால், மீனவப் பெண்கள் கழிவுத் துணியில் 'சுனாமிகா' என்னும் சின்னஞ்சிறு பொம்மைகளைச் செய்தனர். அவை விற்பனைக்கன்றி அன்பளிப்பாகவே வழங்கப்பட்டன. செய்த பெண்களுக்கோ வருவாயும் மனத்தேறுதலும் கிடைத்தன.

நானும் இப்போது மாதத்திற்கு நான்கைந்து தவளைகள் பின்னித் தெரிந்தவர்களுக்குக் கொடுக்கிறேன். என் நேரத்தையும் கணக்கிட்டே விலை சொல்கிறேன். பேரம் பேசுவோரிடம் ஆறு மணி நேரக் கணக்கைச் சொன்னால் பெரும்பாலோர் ஒப்புக் கொள்கின்றனர். பெரிதாக விற்க எண்ணும் சகோதரிகள், 2021 ஜனவரி முதல் பொம்மைகளுக்குத் தர முத்திரை கட்டாயமாக்கப்பட்டிருப்பதையும், கைவினைத் துறையில் பதிவு செய்த கைவினைஞர் தாமே செய்து விற்கும் பொம்மைகளுக்கு விலக்கு உண்டென்பதையும் அறிந்து, முறைப்படி பதிவு செய்து கொள்வது நலம்.

விளையாட்டும் ஓர் உரிமை

1989 நவம்பர் 20இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்ற குழந்தை உரிமை உடன்படிக்கையின் 31ஆம் பிரிவு, ஓய்வும் விளையாட்டும் குழந்தையின் உரிமை என்று கூறுகிறது. நம் நாடு 1992இல் அதில் இணைந்தது. தோழியரை விளையாட அனுப்பி வைத்த நபியவர்களின் நடைமுறையை அறிந்த நமக்கு இது புதிய செய்தியன்று. ஆயினும் நம் வீடுகளில் நடப்பதென்ன? பள்ளி விட்டதும் தனிப்பயிற்சி, அது முடிந்ததும் வீட்டுப்பாடம், எஞ்சிய நேரத்தில் கைபேசி. தறிக்குப் பறிபோன நேரம் இப்போது வேறு வழியில் பறிபோகிறது.

விலையுயர்ந்த பொம்மை வாங்க வசதியில்லையே என்று எந்தத் தாயும் வருந்த வேண்டாம். மீந்த நூலும் சிறிது பஞ்சும் சில மாலைப் பொழுதுகளும் போதும். பின்னும்போது குழந்தையைப் பக்கத்தில் அமர்த்திக் கொள்ளுங்கள், கண்ணிகளை அது எண்ணட்டும். ஆனால் ஊசியை அதன் கையில் கட்டாயமாகத் திணிக்காதீர்கள். ஆசைப்பட்டால் கற்றுக் கொள்ளட்டும். பின்னுவது நம் வேலை. அதை வைத்து விளையாடுவதே பிள்ளையின் வேலை. நம் பிள்ளைகள் அனைவருக்கும் அந்த இனிய வேலையை நிறைவாகச் செய்யும் குழந்தைப் பருவத்தை வல்ல இறைவன் அருள்வானாக!