யார் சொன்ன வழி? – ரவுட்டரும் ஆடிட்டரும்

பி.காம் படிக்கிறவர்களுக்கும் ரவுட்டருக்கும் என்ன சம்பந்தம்? மேலோட்டமாகப் பார்த்தால் ஒன்றும் இல்லைதான். ஆனால் ஆடிட்டிங் பேப்பரில் தணிக்கைச் சான்றுகள் பற்றி ஒரு பாடம் வருமே, ஞாபகம் இருக்கிறதா? எஸ்.ஏ. 500 என்று எண் போட்ட தரநிலை. அது சொல்வது ரொம்ப எளிமையான விஷயம்: ஒரு தகவலை எவ்வளவு நம்பலாம் என்பது அது யாரிடமிருந்து, எந்த வழியாக வந்தது என்பதைப் பொறுத்தது. கம்பெனிக்காரர் எடுத்து நீட்டும் தாளைவிட, வங்கி நேராக ஆடிட்டருக்கு அனுப்பும் கடிதத்துக்கு மதிப்பு அதிகம். விசாரித்துத் தெரிந்துகொண்டதைவிட ஆடிட்டரே நேரில் நின்று பார்த்ததற்கு மதிப்பு அதிகம்.

இதே வேலையைத்தான் ரவுட்டரும் செய்கிறது. அதற்கு வைத்திருக்கும் பெயர்தான் கொஞ்சம் மிரட்டும்: அட்மினிஸ்ட்ரேட்டிவ் டிஸ்டன்ஸ். டிஸ்டன்ஸ் என்றதும் கிலோமீட்டர் கணக்கு என்று நினைத்துவிட வேண்டாம். இது தூரக் கணக்கே இல்லை. நம்பிக்கைக் கணக்கு.

முதலில் ரவுட்டரின் வேலை என்னவென்று பார்த்துவிடலாம். ஒரு பாக்கெட் வருகிறது, அதன் மேல் போக வேண்டிய முகவரி இருக்கிறது. ரவுட்டர் தன் ரவுட்டிங் டேபிளைப் புரட்டி, "இந்த முகவரிக்கு இந்தப் பக்கம்" என்று தள்ளிவிடுகிறது. அவ்வளவுதான். அந்த டேபிளில் வழிகளை எழுதுவது யார் என்பதில்தான் சுவாரஸ்யம். மூன்று வகை ஆட்கள் எழுதுகிறார்கள்.

ஒன்று, ரவுட்டரின் சொந்தக் கண். தன் உடம்பிலேயே செருகியிருக்கும் கேபிளுக்கு அந்தப் பக்கம் இருக்கும் நெட்வொர்க்கை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இது கனெக்டட் ரூட். இரண்டு, நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்பவர் கையால் தட்டிவைத்த வழி. இது ஸ்டாட்டிக் ரூட். மூன்று, பக்கத்து ரவுட்டர்கள் தங்களுக்குள் பேசிப் பரப்பும் சேதி. ரிப், ஓஎஸ்பிஎஃப், இஐஜிஆர்பி, பிஜிபி என்று இந்தப் பேச்சுக்குப் பல மொழிகள் உண்டு.

சரி, ஒரே ஊருக்கு இரண்டு பேர் இரண்டு வழி சொன்னால்? ரிப் வந்து "மூன்று ரவுட்டர் தாண்டினால் போதும்" என்கிறது. ஓஎஸ்பிஎஃப் வந்து "செலவு 65" என்கிறது. 3 சின்ன எண், 65 பெரிய எண், அதனால் ரிப் சொல்வதே குறுக்குவழி என்று எடுத்துக்கொள்ளலாமா? கூடாது. ரிப் எண்ணுவது வழியில் எத்தனை ரவுட்டர் என்பதை மட்டும். இடையில் இருப்பது மாட்டுவண்டிப் பாதையா, நாலுவழிச் சாலையா என்று அதற்குக் கவலை இல்லை. ஓஎஸ்பிஎஃப் சிஸ்கோ ரவுட்டர்களில் இணைப்பின் வேகத்தை வைத்துச் செலவு போடுகிறது. அரிசியைக் கிலோவிலும் எண்ணெயை லிட்டரிலும் அளந்துவிட்டு, எது அதிகம் என்று கேட்பது போன்ற கேள்வி இது.

இரண்டு வழிகளை ஒப்பிட முடியாதபோது, வழி சொன்னவர்களை ஒப்பிட வேண்டியதுதான். அதற்காகத்தான் ஒவ்வொரு வகை ஆளுக்கும் ஓர் எண். எண் சிறிதானால் நம்பிக்கை பெரிது. சிஸ்கோவில் கனெக்டட் 0, ஸ்டாட்டிக் 1, வெளி நிறுவனத்து ரவுட்டரிடம் நேராகக் கேட்ட பிஜிபி 20, இஐஜிஆர்பி 90, ஓஎஸ்பிஎஃப் 110, ரிப் 120. மேலே சொன்ன தகராறில் 110 ஜெயித்து ஓஎஸ்பிஎஃப் வழி டேபிளில் ஏறும். ரிப் சொன்னது வெளியே காத்திருக்கும்.

இந்தப் பட்டியலின் கீழ்ப்பகுதிதான் அழகு. இஐஜிஆர்பி தன் சொந்த நெட்வொர்க்கைப் பற்றிச் சொன்னால் 90. அதே இஐஜிஆர்பி வேறு எங்கிருந்தோ வாங்கி மறு ஒலிபரப்பு செய்யும் சேதிக்கு 170. பிஜிபியும் அப்படித்தான். எல்லையில் நின்று வெளியாளிடம் நேராகக் கேட்டால் 20, அதே சேதி நம் வீட்டு ரவுட்டர் ஒன்றின் வழியாக வந்தால் 200. வெளியாளை நம்பி வீட்டு ஆளை நம்பாதது என்ன நியாயம் என்று தோன்றலாம். ஆனால் வெளியுலகச் சேதியைப் பொறுத்தவரை வெளியாள் சொல்வது முதல் கை, வீட்டு ஆள் சொல்வது இரண்டாம் கை. வீட்டுக்குள் இருக்கும் வழியைச் சொல்லத்தான் ஓஎஸ்பிஎஃப் போன்றவர்கள் இருக்கிறார்களே. ஆடிட்டரின் தர்க்கம்தான், கொஞ்சமும் மாறவில்லை :-)

இதைப் புரிந்துகொண்டால் ஒரு நல்ல தந்திரமும் கைக்கு வரும். ஓர் அலுவலகத்தில் பிரதான இணைப்பின் வழியை ஓஎஸ்பிஎஃப் சொல்கிறது. மெதுவான மாற்று இணைப்பும் ஒன்று இருக்கிறது. அந்த மாற்று வழியை ஸ்டாட்டிக்காகத் தட்டி, அதன் எண்ணை வேண்டுமென்றே 130 என்று ஏற்றிவைத்தால் போதும். 110 உயிரோடு இருக்கும்வரை 130 தலைகாட்டாது. பிரதான வழி செத்துப்போய் ஓஎஸ்பிஎஃப் அதை விலக்கிக்கொண்ட அடுத்த கணம் டேபிளில் ஏறிக்கொள்ளும். இதற்கு ஃப்ளோட்டிங் ஸ்டாட்டிக் என்று பெயர்.

எல்லாம் சரி. ஆனால் இந்த எண்களை வேதவாக்காக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஜூனிபர் நிறுவனத்தின் ரவுட்டர்களில் இதே கணக்குக்கு ப்ரிஃபரன்ஸ் என்று பெயர். அங்கே ஸ்டாட்டிக் 5, ஓஎஸ்பிஎஃப் 10, ரிப் 100, பிஜிபி 170. உள்ளூர் பிஜிபி, வெளியூர் பிஜிபி இரண்டுக்கும் ஒரே எண். சிஸ்கோவில் ஓஎஸ்பிஎஃபை மிஞ்சும் வெளியூர் பிஜிபி, ஜூனிபரில் அதற்கு வெகுவாகப் பின்னால் நிற்கிறது! இரண்டு கம்பெனிகளும் முட்டாள்கள் இல்லை. யாரை எவ்வளவு நம்புவது என்பது ஒரு கருத்து, அவ்வளவுதான். அந்தக் கருத்தை ரவுட்டர் பக்கத்து ரவுட்டருக்குச் சொல்வதும் இல்லை. ஒவ்வொன்றும் தனக்குள்ளேயே வைத்துக்கொள்கிறது.

இன்னொரு பெரிய ஓட்டை இருக்கிறது. இந்த எண் ஆளின் வகையைத்தான் பார்க்கிறது, அவர் சொன்ன சேதியைப் பார்ப்பதில்லை. எப்போதோ ஒருவர் தட்டிவைத்த ஸ்டாட்டிக் வழியை எடுத்துக்கொள்ளுங்கள். இடையில் ஒரு ஸ்விட்ச் இருப்பதால் கேபிள் உயிரோடு இருப்பது போலவே தெரிகிறது, ஆனால் அதற்கு அப்பால் எல்லாம் செத்துவிட்டது. ஓஎஸ்பிஎஃபுக்குச் சரியான மாற்று வழி தெரியும். அது சொல்லியும் பார்க்கும். ஆனால் 1 என்பது 110-ஐ வாய் திறக்க விடாது. பாக்கெட்டுகள் வரிசையாகப் போய்க் குழியில் விழும். அதனால்தான் அனுபவசாலிகள் ஸ்டாட்டிக் வழியோடு ஒரு சோதனையையும் கட்டிவிடுகிறார்கள். அந்தப் பக்கத்திலிருந்து அவ்வப்போது பதில் வந்தால்தான் அந்த வழி டேபிளில் இருக்கும்.

இதைவிடப் பெரிய விபத்து ஒன்று உலகமே பார்க்க நடந்தது. 2008 பிப்ரவரி 24. யூடியூபைத் தடுக்கும்படி பாகிஸ்தானில் அரசு உத்தரவு. அதற்காக பாகிஸ்தான் டெலிகாம், 208.65.153.0/24 என்ற முகவரித் தொகுதிக்கு வழி தன்னிடம் இருப்பதாக பிஜிபியில் அறிவித்தது. நாட்டுக்குள் அடங்கியிருக்க வேண்டிய அறிவிப்பு ஹாங்காங்கின் பிசிசிடபிள்யூ நிறுவனத்தின் வழியாக உலகம் முழுக்கப் பரவியது. அப்போது சர்வதேச நேரப்படி மாலை 6:47.

யூடியூப் தன் பங்குக்கு 208.65.152.0/22 என்று அறிவித்திருந்தது. அது 1024 முகவரிகள் கொண்ட பெரிய தொகுதி. பாகிஸ்தான் சொன்னது அதற்குள் அடங்கும் 256 முகவரிகள். இங்கே அட்மினிஸ்ட்ரேட்டிவ் டிஸ்டன்ஸால் எதுவும் செய்ய முடியாது. ஒரே தொகுதிக்கு இரண்டு பேர் வழி சொன்னால்தான் அதற்கு வேலை. தொகுதிகளின் அளவு வேறு என்றால் இரண்டுமே டேபிளில் ஏறும், பாக்கெட் வரும்போது அதிகக் குறிப்பாகச் சொன்ன வழியே ஜெயிக்கும். "சென்னைக்கு இந்தப் பக்கம்" என்ற பலகையைவிட "மயிலாப்பூருக்கு இந்தப் பக்கம்" என்ற பலகையை நம்புவது போல. மயிலாப்பூர் பலகையை நட்டவர் யார் என்று யாரும் கேட்கவில்லை.

யூடியூபும் இரவு 8:07-க்கு அதே /24-ஐ அறிவித்தது, 8:18-க்கு அதையும் பாதியாக்கி இரண்டு /25 அறிவித்தது. 9:01-க்கு பிசிசிடபிள்யூ அந்தத் தவறான வழிகளை விலக்கிய பிறகுதான் பிரச்சினை தீர்ந்தது. இரண்டு மணி நேரத்துக்கும் மேல்! எந்த ரவுட்டரும் பழுதாகவில்லை. எல்லாம் விதிப்படியே நடந்தன.

இன்று ஆர்பிகேஐ என்ற ஏற்பாடு இருக்கிறது. ஒரு முகவரித் தொகுதியை எந்த நெட்வொர்க் அறிவிக்கலாம், எவ்வளவு சிறிய துண்டுவரை அறிவிக்கலாம் என்று உரிமையாளரே டிஜிட்டல் கையெழுத்துப் போட்டு வைக்கலாம். அதைச் சரிபார்க்கும் ரவுட்டர் ஒவ்வாத அறிவிப்பைத் தள்ளிவிடலாம். ஆள் யார் என்பதோடு, இந்தச் சேதியைச் சொல்ல அவருக்கு உரிமை உண்டா என்றும் கேட்கும் ஏற்பாடு.

எஸ்.ஏ. 500-லும் இதற்கு ஒரு வரி இருக்கிறது. வெளியிலிருந்து வந்த சான்று பொதுவாக நம்பகமானது, ஆனால் அதையும் சந்தேகிக்க வேண்டிய சூழ்நிலைகள் உண்டு என்று. பரீட்சைக்குப் படிக்கும்போது பலரும் தாண்டிப்போகும் வரி அது. நம்பிக்கைக்கு வரிசை போடாமல் ஆடிட்டராலும் வேலை பார்க்க முடியாது, ரவுட்டராலும் முடியாது. அந்த வரிசையோடு நின்றுவிட்டால் என்ன ஆகும் என்பதற்குத்தான் அந்த இரண்டு மணி நேரம்.