கைதட்டலும் கதவுதட்டலும்

நெல்லையில், தாமிரபரணிக் கரைத் தைப்பூச மண்டபத்தருகே நின்றேன். 1908 மார்ச்சில் வ.உ.சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் முழங்க, மக்கள் வெள்ளமெனத் திரண்ட இடம்! அதே ஆண்டில் இருவருக்கும் சிறை. 1912 டிசம்பரில் கண்ணனூர்ச் சிறைக்கதவு சிதம்பரனாருக்குத் திறந்தபோது, அந்த வெள்ளம் எங்கே? வற்றிவிட்டது! வாயிலில் காத்திருந்தோர் ஒரு சிலரே. அவருள் ஒருவர் சிவா, சிறையிலே பற்றிய தொழுநோயோடு.

என் நண்பன் சாதி மறுத்து மணந்தான். மேடையேறி வாழ்த்தினேன், கைதட்டினேன். ஊரும் உறவும் அவ்விணையரை ஒதுக்கின. தலைவிதி என்றது வைதிகம். விதியா? இல்லை, வாழ்த்திய நாங்கள் திரும்பிப் பாராத குற்றம்! ஓராண்டாக அவ்வாசலை நான் மிதிக்கவில்லை. கொள்கைக்குக் கூட்டம் வேண்டும். கொள்கையால் தனித்தவனுக்குத் தோழன் வேண்டும். இன்று மாலை அக்கதவைத் தட்டுவேன். உங்கள் தெருவிலும் ஒரு கதவு உண்டு!