ஒத்தணமும் பனிக்கட்டியும்

எங்கள் ஊரிலே நாரிநோவை எவரும் ஒரு நோயென்று கருதுவதில்லை. வலிகாமத்துச் செம்மண்ணிலே குனிந்து வெங்காயம் நடுவோர்க்கும், புகையிலைக்குத் தண்ணீர் மாறுவோர்க்கும் அது மழையும் வெயிலும் போலத் தொழிலோடு கூடப்பிறந்தது. என் தந்தையாரும் அவ்வெண்ணம் உடையவரே.

அதற்கு எங்கள் வீட்டிலே இருந்த மருந்து ஒத்தணம். கல்லுப்பைத் தாச்சியிலிட்டு வறுத்து, பழைய வேட்டித் துண்டிலே முடிந்து, முதலில் தம் உள்ளங்கையில் வைத்துச் சூடு பார்த்த பின்னரே அம்மா அதனை ஐயாவின் நாரியில் ஒற்றுவார். சில நாள்களில் உப்புக்குப் பதிலாகத் தவிடு. நொச்சியிலை கிடைத்தால் அதனை வதக்கிக் கட்டுவதும் உண்டு. சித்த மருத்துவம் கூறும் முப்பத்திரண்டு புறமருந்துகளுள் ஒற்றடமும் ஒன்று என்பதை நான் பின்னாளிலே நூலகத்தில் அறிந்தேன். அம்மாவுக்கு அந்தக் கணக்குத் தெரியாது. எவ்வளவு சூடு, எத்தனை நேரம் என்பவை அவருடைய கைக்குத் தெரியும்.

பல்கலைக்கழக மைதானத்திலோ வேறொரு மரபு. உதைபந்தாட்டத்திலே கணுக்கால் சுளுக்கியவனுக்கு உடனே பனிக்கட்டி. எனக்கும் அவ்வாறு நேர்ந்தபோது நண்பர்கள் பனிக்கட்டிப் பையுடன் ஓடிவந்தனர். அன்றிரவு தொலைபேசியில் இதனைக் கேட்ட அம்மா, "ஐஸோ வைச்சனீ? வேண்டாம் தம்பி, நரம்பு இழுத்துப்போடும்" என்று பதறினார். இரு மரபுகளுக்கும் இடையிலே என் கால் வீங்கிக் கிடந்தது. வழக்கை மருத்துவபீடத்து அறைத்தோழனிடம் கொண்டு சென்றேன்.

குளிர், குருதிக்கலன்களைச் சுருக்கி, நரம்பின் வழியே செய்தி செல்லும் வேகத்தையும் குறைக்கும். அதனால் அவ்விடம் விறைத்து வலி அடங்கும். சூடு கலன்களை விரித்து இறுகிய தசையைத் தளர்த்தும். ஆகவே அடிபட்டு வீங்கிய முதல் ஓரிரு நாளுக்குக் குளிர். வீக்கம் வற்றிய பின்னரும், வீக்கமில்லாத பழைய பிடிப்புக்கும் சூடு. எதனையும் துணி சுற்றாது தோலிலே வைக்கலாகாது. 15 அல்லது 20 நிமிடம் போதும். இஃது அவன் தீர்ப்பு.

ஆயினும் பனிக்கட்டியின் புகழும் முன்னைப்போல் இல்லை. ஓய்வு, பனிக்கட்டி, இறுக்கிக் கட்டுதல், உயர்த்தி வைத்தல் என்னும் நான்கின் முதலெழுத்துக்களையும் ஓர் ஆங்கிலச் சொல்லாக்கி 1978 இல் பரப்பியவர் கேப் மேர்கின் என்னும் அமெரிக்க மருத்துவர். அவரே 2014 இல், பனிக்கட்டியும் முழு ஓய்வும் காயம் ஆறுவதைத் தாமதப்படுத்தலாம் என்று எழுதினார். நாம் அஞ்சும் வீக்கத்தினுள்ளேதான் உடல் தன்னைத் திருத்தும் வேலையும் நடைபெறுகின்றதாம். தாம் வகுத்த விதியைத் தாமே திருத்தும் இந்நேர்மை நம் இலக்கிய விமரிசகர் சிலருக்கும் வாய்த்தால் நன்று.

நாரிநோவைப் பொறுத்தவரை சான்று அம்மாவின் பக்கமே சற்றுச் சாய்கின்றது. 2006 இல் வெளியான கொக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, சூட்டினால் வலி குறுங்காலத்துக்குச் சிறிதளவு குறைகின்றது என்றும், குளிரைப்பற்றி முடிவு கூறப் போதிய சான்று இல்லை என்றும் கண்டது. 2017 இல் அமெரிக்க மருத்துவர் கல்லூரி, புதிதாய்த் தோன்றிய நாரிநோவுக்கு முதலில் மருந்தல்லாத வழிகளையே நாடுமாறு கூறி, அவற்றுள் சூட்டினையும் சேர்த்தது. அம்மா வியக்கவில்லை. "இதுக்கு அமெரிக்காவோ வேணும்?" என்றார்.

"குறுங்காலம்", "சிறிதளவு" என்னும் இரு சொற்களே என்னை உறுத்துகின்றன. ஒத்தணத்தின் சூடு தோலுக்குக் கீழே ஓரிரு சென்ரிமீற்றருக்கு மேல் அதிகம் இறங்குவதில்லை. முள்ளந்தண்டின் தட்டுக்களை அஃது எட்டாது. பின்னர் ஏன் அந்தச் சுகம்? மெல்சாக், வோல் என்னும் இருவர் 1965 இல் முன்வைத்த வாயிற் கோட்பாடு ஒரு விளக்கம் தருகின்றது. முண்ணாணிலே வாயில் போன்றதோர் அமைப்பு உண்டு. தொடுகை முதலிய பிற உணர்ச்சிகள் அங்கு வந்து நெருக்கும்போது வலியின் செய்தி மூளைக்குச் செல்வது தடைப்படுகின்றது. நோவு தணிகின்றது, நோவின் காரணம் இருந்தபடியே இருக்கின்றது.

ஐயா அந்த இடைவெளியிலேதான் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போவார். படுத்தே கிடக்குமாறு மருத்துவரும் சொல்வதில்லை. இயன்றவரை நடமாடுவதே நல்லது என்பர். ஆனால் நடமாட்டம் வேறு, நாள் முழுதும் குனிந்து களை பிடுங்குதல் வேறு. வெங்காயம் கிண்டும் பருவம் எவர் நாரிக்காகவும் காத்திராது. கூலிக்கு ஆள் பிடித்தால் என் விடுதிச் செலவுக்கு எதுவும் மிஞ்சாது. இக்கணக்கை வீட்டிலே ஒருவரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

கடந்த ஆண்டு அவருடைய இடக்கால் விறைக்கத் தொடங்கிற்று. சலரோகமும் உள்ளவர், உணர்ச்சி குறைந்த தோலிலே சூடு வைத்தால் சுடுவது தெரியாது, புண் வந்த பின்னரே தெரியும். கால் பலமிழத்தல், தொடைகளுக்கு இடையே உணர்வற்றுப்போதல், மலசலம் கட்டுப்படாமை அல்லது சலம் கழியாமை ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் ஒத்தணத்தோடு காத்திராது உடனே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டுமெனத் தோழன் ஒரு தாளில் எழுதித் தந்தான். அதனை அம்மா குசினிச் சுவரிலே ஒட்டியிருக்கிறார்.

இப்பொழுது ஐயா மாதந்தோறும் கிளினிக்குக்குப் போகின்றார். அங்கே சொல்லிக்கொடுத்த பயிற்சிகளை அம்மாவின் கண்காணிப்பிலே முணுமுணுத்தவாறு செய்கின்றார். ஒத்தணமும் நிற்கவில்லை; நாரிக்கு மட்டும், காலுக்கு இல்லை. நான்கு பரப்பிலே இம்முறை இரண்டில் மாத்திரமே வெங்காயம் நட்டிருக்கிறார்கள்.