தனியாகப் போனவருடன் போன ஐந்து பேர்!

டி.வி-யில் ஒருவர் தோளில் பையை மாட்டிக்கொண்டு மலைப்பாதையில் தன்னந்தனியாக நடந்து போகிறார். பார்க்கும் நமக்கு 'கொடுத்துவைத்த மனுஷன்' என்று தோன்றும். அந்தத் தனிமையைப் படம் பிடிக்க நான்கைந்து பேர் மூச்சு வாங்க அங்கே நின்றிருப்பார்கள் என்பது திரையில் தெரியாது. அவர் ரயிலிலிருந்து இறங்கும் காட்சி வந்தால், அவருக்கு முன்பே ஒருவர் கேமராவைத் தூக்கிக்கொண்டு பிளாட்ஃபாரத்தில் குதித்திருக்கிறார் என்று அர்த்தம். ரயில் கிளம்புவதற்குள் அவர் மறுபடி ஏறியும் ஆக வேண்டும்.

பயண நிகழ்ச்சிகளில் இந்தப் பின்னணி ஆட்களுக்குப் பெயர் வைத்து மரியாதை செய்தவர் இங்கிலாந்தின் நகைச்சுவை நடிகர் மைக்கேல் பேலின். ஜூல்ஸ் வெர்னின் '80 நாள்களில் உலகைச் சுற்றி' நாவலில் ஃபிலியாஸ் ஃபாக் என்ற கனவானுடன் பாஸ்பார்த்து என்ற வேலைக்காரர் போவார். அதே பயணத்தை விமானம் ஏறாமல் நிஜமாகவே செய்து பார்க்க 1988-ல் பி.பி.சி. முடிவு செய்தது. பேலின் முதல் தேர்வு இல்லை. அன்றைய பிரபல பயணத் தொகுப்பாளர் ஆலன் விக்கர் உட்பட வேறு சிலர் மறுத்த பிறகுதான் வாய்ப்பு அவரிடம் வந்தது. அவர் ஃபாக் ஆனார். இயக்குநர், கேமராமேன், அவருடைய உதவியாளர், ஒலிப்பதிவாளர், தயாரிப்பு உதவியாளர் என்று கூடவே வந்த குழு மொத்தத்துக்கும் 'பாஸ்பார்த்து' என்று ஒரே பெயர். வழியில் ஆள்கள் மாறினார்கள். ராஜர் மில்ஸ், கிளெம் வாலன்ஸ் என்ற இரண்டு இயக்குநர்கள் பயணத்தைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். பெயர் மட்டும் மாறவில்லை.

செப்டம்பர் 25 அன்று லண்டன் ரிஃபார்ம் கிளப் வாசலிலிருந்து புறப்பாடு. நாவலின் ஃபாக் கிளம்பியதும் அங்கிருந்துதான்.

தோணியில் ஒரு வாரம்

துபாயிலிருந்து பம்பாய்க்கு நேராக வரும் பயணிகள் கப்பல் வாய்க்கவில்லை. கிடைத்தது ஒரு மரத்தோணி. தூத்துக்குடிக்காரர்களுக்கு விளக்கவே வேண்டாம். கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கு ஏற்றிப் போகிற தோணிகளைப் பார்த்தே வளர்ந்தவர்கள் அவர்கள். அந்த ஜாதிதான் இதுவும். மாலுமிகள் குஜராத்திகள். அறை, கட்டில் எதுவும் கிடையாது. சரக்குக்கு நடுவே மேல்தளத்தில் படுக்க வேண்டும். கழிப்பறை என்பது கடலுக்கு மேலே தொங்கும் ஒரு மரக்கூண்டு. கீழே அரபிக்கடல்.

அதில் படப்பிடிப்பு நடத்துவது எப்படியிருக்கும்? அன்று இருந்தது 16 எம்.எம். ஃபிலிம். ஒரு சுருள் 400 அடி. அதில் எடுக்க முடிவது ஏறக்குறைய பத்தரை நிமிடம். முடிந்ததும் வெளிச்சம் புகாத கறுப்புப் பைக்குள் இரண்டு கைகளையும் விட்டு, கண்ணால் பார்க்காமல் விரலால் தடவித் தடவிச் சுருளை மாற்ற வேண்டும். ஆடுகிற படகில், உப்புக் காற்றில், வியர்வைக் கையோடு. ஒலி தனி நாடாவில் பதிவாகும் என்பதால், பின்னால் படத்தோடு பொருத்த ஒவ்வொரு முறையும் 'கிளாப்' அடித்தாக வேண்டும். இயற்கையாகப் பேசிக்கொண்டிருக்கும் மாலுமியின் மூக்குக்கு முன்னால் ஒருவர் பலகையைத் தட்டினால், அப்புறம் அவர் எங்கே இயற்கையாகப் பேசுவது? எடுத்தது சரியாக வந்ததா என்று அன்றிரவு போட்டுப் பார்க்கவும் வழியில்லை. சுருள் லண்டன் போய்க் கழுவப்பட்டால்தான் தெரியும். அதற்குள் குழு வேறொரு நாட்டில் இருக்கும்.

போதாததற்குத் தோணியில் பேலினுக்கு உடம்பு முடியாமல் போனது. ஆள் சுருண்டு படுத்துவிட்டார். இந்தத் தொழிலின் சங்கடமான இடம் இதுதான். கூட வந்த நண்பர் நோயில் கிடக்கிறார். கேமராவைக் கீழே வைப்பதா, ஓடவிடுவதா? குழு ஓடவிட்டது. கல்நெஞ்சம் என்று தோன்றலாம். ஆனால், அந்தக் காட்சிகள் இருப்பதால்தான் மொழி தெரியாத மாலுமிகள் அவரைக் கவனித்துக்கொண்ட விதமும் நமக்குத் தெரிகிறது. வயதான மாலுமி ஒருவர் பேலினின் வாக்மேனைக் காதில் மாட்டிக்கொண்டு, ப்ரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் பாட்டுக்கு முகம் மலரும் காட்சி அந்தத் தொடரைப் பார்த்த யாருக்கும் மறக்காது. அதைத் திட்டமிட்டு எடுக்கவே முடியாது. ஒரு வாரம் ஒரே பலகையில் படுத்து, ஒரே சட்டியில் சாப்பிட்டதால் கேமராவை அவர்கள் மறந்தார்கள், அதனால் கிடைத்தது. பம்பாயில் இறங்கும்போது பேலினால் எளிதாக விடைபெற முடியவில்லை.

அங்கிருந்து ரயிலில் மெட்ராஸ். மெட்ராஸ் துறைமுகத்திலிருந்து 'சூசாக்' என்ற யூகோஸ்லாவிய சரக்குக் கப்பலில் சிங்கப்பூர். கப்பலுக்காகக் காத்திருப்பது, ஆள் பார்ப்பது, கையெழுத்து வாங்குவது... பயண நிகழ்ச்சிக் குழுவின் நாள்களை இவைதாம் தின்கின்றன. திரையில் அதெல்லாம் ஒரு வரி வசனம்.

இன்றைக்கு எளிதா?

கேமரா சிறுத்துவிட்டது; கறுப்புப் பை போய்விட்டது. ஆனால், வேலை போகவில்லை. நாடு விட்டு நாடு போகும்போது 'கார்னே' என்ற சுங்க ஆவணத்தில் கேமரா, லென்ஸ், மைக் என்று ஒவ்வொன்றையும் வரிசை எண்ணோடு எழுதிக் காட்ட வேண்டும். திரும்பும்போது ஒரு லென்ஸ் குறைந்தாலும் வரி கட்டச் சொல்வார்கள். டிரோனைப் பறக்கவிட அனுமதி தேட வேண்டும். தொகுப்பாளர் சாப்பிட்டுத் தூங்கிய பிறகு உதவியாளர் உட்கார்ந்து, அன்றைய மெமரி கார்டுகளை இரண்டு ஹார்டு டிஸ்க்குகளில் ஏற்றுவார். இரண்டும் இரு வேறு பைகளில் போகும். ஒன்று தொலைந்தாலும் மற்றது மிஞ்சும். எல்லோரும் சாப்பிடும் காட்சியை எடுப்பவருக்கு அந்தச் சாப்பாடு ஆறிப்போய்த்தான் கிடைக்கும். இது மட்டும் அன்றும் இன்றும் ஒன்றே!

பேலின் 79 நாள், 7 மணி நேரத்தில் லண்டன் திரும்பினார். ரிஃபார்ம் கிளப்புக்குள் படம் பிடிக்க அனுமதி கிடைக்காததால், உலகையே சுற்றி வந்த பயணம் வாசற்படியில் முடிந்தது. 1989-ல் ஏழு பகுதிகளாக ஒளிபரப்பானது. 2008-ல் பேலின் மறுபடி கேமராவோடு குஜராத்துக்கு வந்தார். இருபது வருடத்துக்கு முன் தன்னைக் கரைசேர்த்த அந்தத் தோணிக்காரர்களைத் தேடிப் பிடித்துச் சந்தித்தார்.