சிவப்புப் பேருந்து ஓடிய லண்டன்

லண்டன் பேருந்து 1920களிலேயே சிவப்புதான். கிளாட் ஃப்ரீஸ்-கிரீன் எடுத்த ‘தி ஓப்பன் ரோடு’ படத்தில் அது கண்ணெதிரே ஓடுகிறது. பழைய காலம் என்றாலே கறுப்பு வெள்ளை என்று பழகிய கண்ணை அந்தச் சிவப்பு லேசில் விடுவதில்லை.

பிரிட்டனின் தென்மேற்கு முனையான லேண்ட்ஸ் எண்டிலிருந்து ஸ்காட்லாந்தின் வடகோடி வரை காரில் போய், கடைசியில் லண்டனுக்கு வந்து எடுத்த படம் இது. தேம்ஸ் நதி, பெட்டிகோட் லேன் சந்தை நெரிசல், வைட்ஹாலில் போர் நினைவுச் சின்னம். முதல் உலகப் போர் முடிந்து பத்தாண்டுகூட ஆகாத நேரம். அங்கே நடந்துபோகும் ஆண்களில் எத்தனை பேர் பதுங்குகுழியிலிருந்து உயிரோடு திரும்பியவர்களோ!

படச்சுருள் என்னவோ கறுப்பு வெள்ளைதான். ஒரு ஃபிரேமைச் சிவப்பு வடிகட்டி வழியாகவும் அடுத்ததை நீலப்பச்சை வழியாகவும் எடுத்து, பிரதியில் மாற்றி மாற்றிச் சாயமேற்றினார்கள். வேகமாக ஓட்டும்போது கண் இரண்டையும் சேர்த்துக்கொள்ளும். இடையில் ஒருவர் கையை அசைத்துவிட்டால் போச்சு, விளிம்பில் சிவப்பும் பச்சையும் பிரிந்து நிற்கும். திரையும் மினுக்கும். அந்த மினுக்கத்தை 2000களில் பிரிட்டிஷ் திரைப்படக் கழகம் கணினி உதவியோடு அடக்கியது.

இன்று கணினி வண்ணம் பூசிய பழைய படங்கள் எங்கும் உலவுகின்றன. அவற்றில் ஒரு பெண்ணின் தொப்பி நீலம் என்றால் அது வெறும் ஊகம். ஃப்ரீஸ்-கிரீன் காட்டுவது அன்றைய வெயில் பதித்த நிறம். இரண்டே சாயம்தான், எல்லா நிறமும் அதில் அடங்காது. ஆனாலும் அந்தப் படத்துக்குத்தான் மதிப்பு அதிகம்.